எந்த ஊர் தாயம்?

"சார்"னு யாராவது கூப்பிட்டா, யாரைக் கூப்பிடுறாங்கன்னு பின்னாடி திரும்பிப் பார்க்குற ஆளு நான். அப்பேர்ப்பட்டவனை நாற்காலியில உக்கார வச்சு, கழுத்துல 'நடுவர்'னு ஒரு அட்டையை மாட்டி, முன்னாடி தண்ணி பாட்டிலும் தட்டுல நாலு முந்திரி பிஸ்கட்டும் வச்சா எப்படி இருக்கும்? போன மாசம் ஒரு சனிக்கிழமை அந்தக் கூத்து நடந்துச்சு.

அடையாறு பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். பேரு வேணாம், ஏன்னு போகப் போகத் தெரியும். என்கூடப் படிச்ச நண்பன் அங்க லெக்சரர். வருஷா வருஷம் நடக்குற சிம்போசியத்துல இந்தத் தடவை கம்ப்யூட்டரே இல்லாம ஒரு போட்டி வைக்கணும்னு அவனுக்கு ஆசை. பசங்க உக்காந்து ஒரு போர்டு கேம் உருவாக்கணும். "டேய், நீதான் எப்பப் பாரு விளையாட்டைப் பத்தியே பேசிட்டிருப்பியே, ரூல்ஸ் எழுதிக் குடுடா"ன்னான். அன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கம்மி. லஞ்ச் முடிஞ்சு அரை மணி நேரத்துல எழுதி அனுப்பிட்டேன். அந்த அரை மணி நேரம்தான் இந்தப் பதிவுக்கே காரணம்.

ரெண்டு பேர் ஒரு டீம், மூணு மணி நேரம் டைம். ஒரு சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, ஒரு ஜோடி தாயக்கட்டை, 24 புளியங்கொட்டை நாங்க குடுப்போம். வெளியிலேர்ந்து எதுவும் கொண்டுவரக் கூடாது. விளையாட்டோட விதி மொத்தமும் ஏ4 தாள்ல ஒரே பக்கத்துல அடங்கணும். அப்புறம் முக்கியமா, அந்த விளையாட்டை முன்னப்பின்ன பார்க்காத நாலு பேர் அந்தத் தாளை மட்டும் படிச்சுட்டு விளையாடுவாங்க. உருவாக்கினவங்க பக்கத்துல வாயை மூடிக்கிட்டு நிக்கணும். சாஃப்ட்வேர்ல இருக்குறவங்களுக்கு இந்த வேதனை புரியும். நாம பண்ணினதை யூசர் நம்ம கண்ணு முன்னாடியே தப்புத் தப்பா அமுக்கும்போது சும்மா நிக்கிற மாதிரி.

(தாயக்கட்டைக்காக தி.நகர் ரங்கநாதன் தெருவுல கூட்டத்துல நசுங்கி ரெண்டு மணி நேரம் அலைஞ்சேன். கடைசியில மயிலாப்பூர் மாட வீதியில, எங்க வீட்டுலேர்ந்து பத்து நிமிஷ நடையில கிடைச்சுது. அம்மா மொதல்லயே சொன்னாங்க. கேட்டாத்தானே.)

மொத்தம் 9 டீம். நல்லா இருந்துச்சுன்னு சொல்லக்கூடியது நாலு. அதுல ரெண்டைப் பத்தித்தான் பேசப் போறேன்.

முதலாவது, ரெண்டு பொண்ணுங்க பண்ணினது. விளையாட்டுக்குப் பேரு 29சி. பெசன்ட் நகர்ல ஏறி பெரம்பூர் போய்ச் சேரணும். நாலு ஆட்டக்காரங்க, ஆளுக்கு ஆறு புளியங்கொட்டை, ஒவ்வொரு கொட்டையும் ஒரு பயணி. ஒரே கட்டத்துல மூணு கொட்டைக்கு மேல சேர்ந்துச்சுன்னா கடைசியா வந்தது ஃபுட்போர்டு. அடுத்த தடவை யாராவது பன்னெண்டு போட்டா அது கீழே விழுந்து பழைய ஸ்டாப்பிங்க்குப் போயிடும். பன்னெண்டு போட்டா எல்லா சிக்னலும் பச்சையாம், பஸ் வேகமா போகுதாம். எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆனா விதி எல்லாத்தையும் ஒரே பக்கத்துல அடைக்கணுமே. எறும்பு சைஸ் எழுத்து, ஓரத்துல கூட இடம் விடலை. படிச்ச நாலு பேரும் பத்து நிமிஷம் தலையைச் சொறிஞ்சாங்க. ஃபுட்போர்டு விதியைப் பாதி விளையாட்டு வரைக்கும் தப்பாவே ஆடினாங்க. அந்தப் பொண்ணுங்க ரெண்டும் உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னதைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு.

அடுத்தது ரெண்டு பசங்க. பேரு 'தண்ணி லாரி'. 2019ல சென்னை தண்ணியில்லாம தவிச்சப்போ இவங்க ஸ்கூல்ல படிச்சிட்டு இருந்திருப்பாங்க, குடம் தூக்கின அனுபவம் போல. மந்தைவெளித் தெரு ஒண்ணு, நடுவுல லாரி, காய் எல்லாம் குடம். அவங்க தாள்ல முதல் வரி என்னன்னா: தாயம் விளையாட்டின் எல்லா விதிகளும் இதற்கும் பொருந்தும், கீழே உள்ளவை மட்டும் மாறும். அவ்ளோதான். அதுக்குக் கீழ பெரிய எழுத்துல, நிறைய இடம் விட்டு, லாரி எப்ப நகரும், எந்த வீட்டுல மோட்டார் இருக்கு, யாரு வரிசையில நடுவுல புகலாம்னு ஆறே விதி.

படிச்சவங்க ஒரு நிமிஷத்துல ஆரம்பிச்சுட்டாங்க. அஞ்சாவது நிமிஷம் ஒரே சத்தம், பக்கத்து மேசையில இருந்தவங்கல்லாம் எழுந்து வந்து சுத்தி நின்னுட்டாங்க. நடுவுல ஒரே ஒரு சிக்கல். வெட்டாம உள்ள போகலாமா கூடாதா? ஒருத்தர் காயையாவது வெட்டினாத்தான் பழம்னு ஒரு திருநெல்வேலிப் பையன் அடம் பிடிக்கிறான். எங்க வீட்டுல அப்படியெல்லாம் கிடையாதுன்னு வேலூர்ப் பொண்ணு சொல்லுது. தாள்ல பதில் இல்லை. அவங்களே சண்டை போட்டு, திருநெல்வேலி ஜெயிச்சு, ஆட்டம் தொடர்ந்துச்சு.

விளையாட்டா மட்டும் பார்த்தா அன்னிக்கு அதுதான் பெஸ்ட். அதுல சந்தேகமே இல்லை.

*

நடுவர்கள் மூணு பேர். நான், ரிட்டயர் ஆகப்போற ஒரு பேராசிரியை மேடம், மொபைல் கேம் கம்பெனியில வேலை பார்க்குற ஒருத்தர். கதவைச் சாத்தினதும் மேடம் கேட்ட முதல் கேள்வி: "எல்லா விதியும் ஒரு பக்கத்துல இருக்கணும்னு போட்டீங்களே, தாயத்தோட விதி அந்தப் பக்கத்துல எங்கப்பா இருக்கு?"

மொபைல் கேம்காரர் உடனே பசங்க பக்கம் சாஞ்சார். அவர் சொன்ன உதாரணம் நல்லா இருந்துச்சு. ஜேஎஸ்13கே கேம்ஸ்னு 2012லேர்ந்து நடக்குற ஒரு இணையப் போட்டி. ஜாவாஸ்கிரிப்ட்ல கேம் எழுதி, ஜிப் பண்ணினா 13,312 பைட்டுக்குள்ள இருக்கணும். வெளியிலேர்ந்து லைப்ரரி எதுவும் இழுக்கக் கூடாது. படம் வரையவே இடம் பத்தாது. அதனால நிறைய பேரு என்ன பண்றாங்க, படத்துக்குப் பதிலா இமோஜியைப் போட்டுடறாங்க. நாலு பைட்டுல ஒரு முழு டிராகன் வந்துடும், ஏன்னா படம் விளையாடுறவங்க போன்லயே இருக்கு. "எல்லார் கையிலயும் ஏற்கெனவே இருக்குறதை யூஸ் பண்ணிக்கிறது திருட்டு இல்லை சார், தமிழ்நாட்டுல தாயம் அந்த மாதிரித்தான்."

மேடம் விடலை. "சரி, எந்த ஊர் தாயம்? எங்க கும்பகோணத்துல ஒரு மாதிரி ஆடுவோம், என் மாமியார் வீட்டுல வேற மாதிரி. இமோஜி எல்லா போன்லயும் ஒரே மாதிரி வருமா?" வராதுங்க. ஒரே இமோஜி ஒரு போன்ல ஒரு மாதிரி, இன்னொண்ணுல வேற மாதிரி தெரியும். மொபைல் கேம்காரர் வாயடைச்சுப் போயிட்டார்.

அடுத்து நான் வக்கீல் வேலையில இறங்கினேன். எனக்கு இந்த மாதிரி ஓட்டை கண்டுபிடிக்கிறவங்க மேல சின்ன வயசுலேர்ந்தே ஒரு பாசம். சி மொழியில படு குழப்பமா புரோகிராம் எழுதுறதுக்கு 1984லேர்ந்து ஒரு சர்வதேசப் போட்டி இருக்கு, ஐஓசிசிசின்னு. 1994ல சைமன் ருசின்கீவிச்னு ஒருத்தர், தன்னையே அச்சடிக்கிற உலகத்துலயே சின்ன புரோகிராம்னு சொல்லி ஒரு ஃபைலை அனுப்பினார். உள்ள ஒண்ணுமே இல்லை. பூஜ்யம் பைட். ஓட்டினா ஒண்ணும் அச்சடிக்காது, அதாவது தன்னையே அச்சடிச்சிடுச்சு! நடுவர்கள் சிரிச்சுட்டு, விதிகளை மிக மோசமா துஷ்பிரயோகம் பண்ணினதுக்குன்னே பரிசு குடுத்தாங்க. கூடவே, இனிமே புரோகிராம் இதைவிட ஒரு எழுத்தாவது பெருசா இருக்கணும்னு விதி வரும்னும் சொல்லிட்டாங்க.

அதே மாதிரி 1981ல டிராவலர்ங்கிற விளையாட்டுக்கு கலிஃபோர்னியாவுல ஒரு போட்டி. ஒரு ட்ரில்லியன் காசு கற்பனை பட்ஜெட்ல விண்வெளிக் கடற்படை ஒண்ணை டிசைன் பண்ணிட்டு வந்து மோதணும். டக்ளஸ் லெனட்னு ஒரு செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியாளர், யூரிஸ்கோங்கிற தன்னோட புரோகிராம்கிட்ட விதிப்புத்தகத்தைக் குடுத்து யோசிக்க விட்டார். எல்லாரும் அழகழகா பெரிய கப்பலோட வந்தா, இவர் நகரவே சிரமப்படுற, ஆயுதம் மட்டும் நிறைஞ்ச குட்டிக் கப்பல்களா 96 கொண்டுவந்து ஜெயிச்சார். 1982ல விதியை மாத்திப் பார்த்தாங்க. அடிபட்ட கப்பலைத் தானே வெடிச்சுக்கிட்டா மிச்சக் கப்பல்களோட சராசரி வேகம் கூடும்னு அது கண்டுபிடிச்சு மறுபடி ஜெயிச்சுது. மூணாவது தடவையும் இப்படி ஆச்சுன்னா போட்டியையே நிறுத்திடுவோம்னு சொல்ல, லெனட் ஒதுங்கிட்டார்.

"பார்த்தீங்களா மேடம், ஓட்டையைக் கண்டுபிடிச்சவனுக்குப் பரிசைக் குடுத்துட்டு, அடுத்த வருஷம் ஓட்டையை அடைச்சாங்க. ரூல்ஸ் எழுதினது நான். தப்பு என்னோடது. என் தப்புக்கு அந்தப் பசங்களை ஏன் தண்டிக்கணும்?"

சொன்னேன் பாருங்க, அவ்ளோ கம்பீரமா. மேடம் ஒத்துக்கலை, ஆனா ரெண்டுக்கு ஒண்ணுன்னு முடிவாயிடுச்சு. தண்ணி லாரிக்கு முதல் பரிசு 5000 ரூபா, 29சிக்கு ரெண்டாவது, 3000. பிஸ்கட்டைக் கையில எடுத்தேன்.

கதவைத் தட்டுற சத்தம். 29சி டீம்ல ஒரு பொண்ணு.

"சார், ஒரு டவுட். ஏற்கெனவே இருக்குற விளையாட்டோட விதியை அப்படியே எடுத்துக்கலாமா?"

"ஏம்மா?"

"இல்ல சார், நாங்க மொதல்ல அப்படித்தான் யோசிச்சோம். ஏறி இறங்குற பயணிக் கணக்கைப் பல்லாங்குழி மாதிரி வச்சுக்கலாம், விதி எழுத வேணாம், பல்லாங்குழி மாதிரின்னு ஒரு வரி போட்டாப் போதும்னு. செய்யலாமான்னு வாலன்டியர் அண்ணாகிட்ட கேட்டோம். 'தெரியலை, எதுக்கு வம்பு, வேணாம்'னுட்டாரு. அதான் எல்லாத்தையும் மாத்தி முழுசா எழுதினோம்."

கோபமா எல்லாம் கேக்கலை. நிஜமாவே டவுட் கேக்குற மாதிரிதான் கேட்டுச்சு. நான் கையில பிஸ்கட்டோட உக்காந்திருக்கேன்.

*

கேட்டவங்களுக்கு இல்லை, கேக்காதவங்களுக்கு உண்டு. நம்ம ஊர்ல எந்த ஆபீஸ்லயும், எந்த அபார்ட்மென்ட் அசோசியேஷன்லயும் நடக்குற கதைதான். பர்மிஷன் கேட்டா கிடைக்காது, பண்ணிட்டு நின்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதை ஒரு போட்டியில வச்சு நானே நடத்திக் காட்டியிருக்கேன்.

அந்தப் பொண்ணு போனதும், நான் அடுக்கின உதாரணம் எல்லாத்தையும் மறுபடி யோசிச்சேன். ஐஓசிசிசி விதியிலேயே, சட்டத்துக்குள்ள இருந்துக்கிட்டு விதியை வளைக்கிறது வரவேற்கப்படும்ங்கிற மாதிரி வெளிப்படையா எழுதியிருப்பாங்க. எல்லாருக்கும் தெரியும். லெனட் கையில இருந்த விதிப்புத்தகம்தான் மத்தவங்க கையிலயும். எந்த வாலன்டியரும் வந்து அவங்ககிட்ட மட்டும் 'குட்டிக் கப்பல் வேணாம்'னு சொல்லலை. நம்ம மேற்கு மாம்பலம் அஷ்வின் 2019 மார்ச் 25ஆம் தேதி ஜெய்ப்பூர்ல பட்லரை அந்தப் பக்கத்துல ரன் அவுட் பண்ணினப்போ, எங்க பெரியப்பா டிவி முன்னாடி "ஜென்டில்மேன் ஆடுற ஆட்டமாடா இது"ன்னு குதிச்சார். ஆனா அதுவும் எல்லா பவுலருக்கும் திறந்திருந்த கதவுதான். 1947லயே சிட்னியில வினு மன்கட் பண்ணினது. பேட்ஸ்மேனுக்கும் தெரியும். 2022 அக்டோபர்லேர்ந்து அதை முறையற்ற ஆட்டம்ங்கிற தலைப்புலேர்ந்து எடுத்து சாதாரண ரன் அவுட் விதிக்குள்ளேயே வச்சுட்டாங்க. பெரியப்பா இன்னும் ஒத்துக்கலை, அது வேற விஷயம்.

என் போட்டியில அப்படி இல்லை. ஒரு டீமுக்குக் கதவு மூடியிருக்குன்னு எங்க ஆளே சொல்லியிருக்கான். இன்னொரு டீம் தட்டிக்கூடப் பார்க்காம உள்ள போயிடுச்சு.

ஞானப்பழக் கதையை நான் எப்பவும் பிள்ளையார் பக்கம் இருந்துதான் ரசிச்சிருக்கேன். உலகத்தைச் சுத்தச் சொன்னா அம்மா அப்பாவைச் சுத்திட்டு வந்து பழத்தை வாங்கிக்கிட்ட புத்திசாலி. (நடுவர்களையே சுத்தி வந்து கும்பிட்டவனுக்கு நடுவர்கள் பரிசு குடுத்துட்டாங்கன்னும் சொல்லலாம், தெய்வக் குத்தம் ஆயிடும், விடுங்க.) அன்னிக்குத்தான் முருகன் பக்கத்துலேர்ந்து யோசிச்சேன். 'உலகம்'னா என்னங்கிற விளக்கம் வந்ததே மயில் கிளம்பின அப்புறம்தான். அவர் நிஜமாவே மலை, கடல் எல்லாம் தாண்டிச் சுத்திட்டு வந்து நிக்கிறார். பழம் கைமாறிடுச்சு. பழனிக்குப் போனவர் பழத்துக்காக மட்டுமா கோவிச்சுக்கிட்டுப் போனார்? யாரும் எங்கிட்ட சொல்லலையேங்கிற கோபம் அது.

ஐசிபிசி மாதிரி புரோகிராமிங் போட்டியில கலந்துக்கிட்டவங்களுக்குத் தெரியும். கேள்வி புரியலைன்னா கிளாரிஃபிகேஷன் கேக்கலாம். அதனால கேள்வியோட அர்த்தம் மாறும்னா பதில் எல்லா டீமோட ஸ்க்ரீன்லயும் வரும். நான் காலேஜ்ல இருந்தப்போ எவனோ கேட்டதுக்கு எனக்கு ஏன் பாப்-அப் வருதுன்னு எரிச்சல் பட்டிருக்கேன். அதோட அருமை இப்பத்தான் தெரியுது. நான் எழுதின ரூல்ஸ்ல இல்லாம போனது அந்த ஒரு வரி. சந்தேகம் கேட்டா பதில் எல்லாருக்கும் சொல்லப்படும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். ஃபைனல் இயர்ல வேற ஒரு காலேஜ்ல காகித விமானப் போட்டி. ஒரு ஏ4 தாள் குடுப்பாங்க, யாரோடது ரொம்ப தூரம் போகுதோ அவங்களுக்குப் பரிசு. நான் தாளைக் கசக்கி உருண்டையாக்கி எறிஞ்சேன். நல்லா தூரம் போச்சு. நடுவர் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு எனக்கே குடுத்துட்டார். என் ரூம்மேட் அதே போட்டிக்காக ஒரு வாரம் ராத்திரி பூரா இறக்கையை மடிச்சு மடிச்சுப் பார்த்துட்டு இருந்தவன். ரெண்டு நாள் என்கூடப் பேசலை. பொறாமைன்னு நினைச்சேன். இத்தனை வருஷமா இதை ஒரு ஜோக்கா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்திருக்கேன். அவனும் உருண்டை பண்ணலாம்னு யோசிச்சிருப்பானோ, விமானம்னு சொல்லிட்டாங்களே, அது தப்பாச்சேன்னு விட்டிருப்பானோங்கிற எண்ணமே அன்னிக்கு அந்த ரூம்லதான் மொத தடவை வந்துச்சு.

*

சரி, என்ன பண்ணினோம்? பசங்களோட பரிசைப் பறிக்க முடியாது. அவங்க எதையும் மறைக்கலை. முதல் வரியிலேயே கொட்டை எழுத்துல போட்டுட்டுத்தான் செஞ்சாங்க. அந்த வாலன்டியர் பாவம் செகண்ட் இயர் பையன், தெரியலைன்னு உண்மையைத்தான் சொல்லியிருக்கான். முதல் பரிசை ரெண்டா பிரிக்கலாம்னு மொபைல் கேம்காரர் சொன்னார். மேடம், "தப்பை மறைக்கிறதுக்குக் காசு பிரிக்காதீங்க"ன்னுட்டாங்க. போட்டியைத் திரும்ப நடத்தலாம்னா அடுத்தது அந்த ஹால்ல டான்ஸ் ப்ரோக்ராம், சவுண்ட் சிஸ்டம் வந்து இறங்கிட்டு இருக்கு.

கடைசியில ரெண்டு டீமுக்கும் முதல் பரிசு, ஆளுக்கு முழுசா 5000ன்னு முடிவு பண்ணினோம். குறைஞ்ச 2000த்தை நான் குடுத்தேன். ரூல்ஸ் எழுதினவன் அபராதம். மைக்கை வாங்கி, ஒரு டீம் கேட்ட சந்தேகத்துக்கு நாங்க தப்பா பதில் சொல்லிட்டோம், அந்தப் பதிலை மத்தவங்களுக்குச் சொல்லவும் இல்லை, அதுக்கு மன்னிச்சுக்கங்கன்னு சொன்னேன். சவுண்ட் சிஸ்டம் சத்தத்துல பாதி பேருக்குக் கேட்டிருக்காது. தண்ணி லாரிப் பசங்க வந்து கை குடுத்தாங்க. அதுல ஒருத்தன், "சார், கேட்டா வேணாம்னு சொல்லிடுவீங்கன்னுதான் கேக்கலை"ன்னான், சிரிச்சுக்கிட்டே. அவன் மேலயும் கோபம் வரலை. அந்தப் பொண்ணுங்களும் சந்தோஷமாத்தான் செக் வாங்கிக்கிட்டாங்க. ஆனா போகும்போது ஒருத்தி இன்னொருத்திகிட்ட, "பல்லாங்குழியே பண்ணியிருக்கலாம்டி"ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. அதுக்கு 2000 ரூபாயில மருந்து இல்லை.

அவங்ககிட்ட கேட்டு 29சி தாளையும் போர்டையும் போன்ல படம் எடுத்துக்கிட்டேன். வீட்டுக்கு வந்து சார்ட்ல வரைஞ்சு, மிச்சம் இருந்த தாயக்கட்டையோட ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அம்மாகூட உக்காந்தேன். எறும்பு எழுத்தை அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு வரி படிச்சாங்க. அப்புறம் தாளை ஓரமா வச்சுட்டாங்க.

மந்தைவெளி ஸ்டாப்பிங் கிட்ட என் கொட்டை நிக்குது. அம்மா மூணு போட்டு அதே கட்டத்துக்கு வந்து, என் கொட்டையை எடுத்து வெளியில வச்சாங்க.

"அம்மா, இதுல வெட்டெல்லாம் கிடையாது."

"வெட்டு இல்லாம என்னடா தாயம்?"

"இது தாயமே இல்லம்மா, 29சி."

"கட்டை தாயக்கட்டைதானே?"

தாளைக் காட்டினேன். வெட்டக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கான்னு கேட்டாங்க. தேடிப் பார்த்தேன். எழுதலை.